கண்ணுக்குள் இரத்தம்: யார் செய்த பிழை?

வயது பதினாறோ இருபதோ இருக்கும். சின்ன வயதிலிருந்தே மைனஸ் பவர் கண்ணாடி. ஒருநாள் காலையில் ஒரு கண்ணில் மட்டும் மை கரைந்தாற்போல் சில இழைகள் மிதக்கின்றன. வலி இல்லை, கண் சிவக்கவில்லை; மருத்துவமனையின் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படிக்கவும் முடிகிறது. மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து உள்ளே பார்க்கிறார். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் சிறு வட்டத்தின் மேல் ஒரு தீற்றல். அதன் ஓரத்தில், விழித்திரைக்கு அடியில், பிறை வடிவில் ஒரு திட்டு. இரண்டும் இரத்தம். சிலருக்கு அந்த இழைகள்கூடத் தெரிவதில்லை. புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்கப் போன இடத்தில் தற்செயலாகக் கண்ணில் படுகிறது.

உடனே அந்த அறையில் ஒரு விசாரணை தொடங்கிவிடும். ராத்திரி போர்வைக்குள் போன் பார்த்ததாலா? பரீட்சைக்குக் கண்விழித்ததாலா? கேரட்டை ஒதுக்கி வைத்ததாலா? இவையெல்லாம் வாய்விட்டுக் கேட்கப்படுபவை. வாய்விட்டுக் கேட்கப்படாதவையும் உண்டு: வயிற்றில் இருந்தபோது அம்மா செய்யாமல் விட்டது, குடும்பத்தில் யாரோ நேர்ந்துகொண்டு மறந்தது, போன பிறவியின் பாக்கி.

மருத்துவம் சொல்லும் கதையில் இவற்றில் எதற்கும் இடமில்லை. 1995இல் அமெரிக்க நரம்பியல் கண் மருத்துவர்கள் பாரெட் காட்ஸ், வில்லியம் ஹாய்ட் இருவரும் இளையோரிடம் கண்ட இத்தகைய கசிவுகளை விவரித்தார்கள். 2004இல் ஹவாயைச் சேர்ந்த கிரெக் கொகாமேயும் ஜப்பானிய மருத்துவர்களும் அதே படத்தை இன்னும் தெளிவாக வரைந்து காட்டினார்கள். இளம் வயது, கிட்டப்பார்வை, சாய்ந்தமைந்த பார்வை நரம்பு வட்டம், பெரும்பாலும் ஆசிய வம்சாவளி. பிறகு கொரியா, தைவான், ஜப்பான் என்று கிட்டப்பார்வை மலிந்த நாடுகளிலிருந்தே இந்தச் செய்தி அதிகம் வந்தது.

நடப்பது இதுதான். சாதாரணக் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். கிட்டப்பார்வையில் கண் பின்னோக்கி நீள்கிறது. அப்படி நீளும்போது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளைக் கட்டாகக் கொண்ட நரம்பு நேராக வெளியேறாமல் சாய்ந்து வெளியேறுகிறது. வட்டத்தின் மூக்கோரப் பக்கத்தில் இழைகள் நெருக்கியடித்துப் புடைத்துக்கொள்கின்றன. கண்ணை நிரப்பியிருக்கும் கூழ் போன்ற விட்ரியஸ் அந்த வட்டத்தில் இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. கண் அசையும்போது அது இழுக்க, நெருக்கடியில் இருக்கும் ஒரு நுண்குழாய் பிய்ந்துகொள்கிறது என்பது ஒரு விளக்கம். நெருக்கடியால் சிரை இரத்தம் தேங்கிக் கசிகிறது என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில், இரத்தம் தானாகக் கரைந்துவிடுகிறது. பார்வை கெடுவதில்லை. திரும்ப வருவது அபூர்வம். மருந்தும் இல்லை, தேவையும் இல்லை.

ஆபத்து வேறொரு திசையிலிருந்து வருகிறது. இந்தப் படம் மூளைக்குள் அழுத்தம் ஏறும்போது பார்வை நரம்பு வீங்குவதைப் போலவே தோற்றம் தரும். அப்படி நினைத்துவிட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது என்று ஒரு வாரத்துக்குக் குடும்பமே உறக்கமிழக்கும். அனுபவமுள்ள மருத்துவர் ஓ.சி.டி. ஸ்கேனில் வட்டத்தின் சாய்வையும் இரத்தம் நிற்கும் அடுக்கையும் பார்த்துவிட்டு, சில வாரம் கழித்து வாருங்கள் என்பார். அந்தச் சொல்லில் நிம்மதி உண்டு. விசாரணைக்குத் தீனி இல்லை. 'தானாக வந்தது, தானாகப் போய்விடும்' என்பதை மனித மனம் ஒரு பதிலாகவே ஏற்பதில்லை.

ஏற்காததற்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. கண்ணைப் பற்றி மதங்கள் சொன்ன கதைகளில் காரணமில்லாத குருடு அநேகமாகக் கிடையாது. திருதராட்டிரன் பார்வையின்றிப் பிறந்தது, வியாசரின் தோற்றத்தைக் கண்டு அம்பிகை கண்களை மூடிக்கொண்டதால். தாயின் கண நேர அச்சத்துக்குப் பிள்ளையின் ஆயுள் முழுவதும் விலை. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரு கண்ணும் போயின. காஞ்சியில் ஒன்றும் திருவாரூரில் மற்றொன்றுமாகத் திரும்பக் கிடைத்தன. சுந்தரர் கதையிலாவது மீறியவரும் தண்டிக்கப்பட்டவரும் ஒருவரே. அம்பிகை கதையில் அந்த நியாயமும் இல்லை.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் இந்த விசாரணை நேரடியாகவே நடக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரை வழியில் கண்டதும் சீடர்கள் இயேசுவிடம் கேட்கிறார்கள்: பாவம் செய்தது இவரா, இவரைப் பெற்றவர்களா? அந்த மனிதருக்கு உதவி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. வழக்கில் குற்றவாளி யார் என்பதே அவர்களுக்கு முக்கியம். பிறக்குமுன்பே ஒருவர் எப்படிப் பாவம் செய்திருக்க முடியும் என்ற சிக்கலும் அவர்களை உறுத்தவில்லை. உரையாசிரியர்களை மட்டும் நூற்றாண்டுகளாக உறுத்திவருகிறது. இயேசுவின் பதில் இருவரையும் விடுவிக்கிறது. இவரும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அத்தோடு நிறுத்தியிருந்தால் மத வரலாற்றில் அதைவிடத் துணிச்சலான வாக்கியம் இருந்திருக்காது. ஆனால் அடுத்த வரி, கடவுளின் செயல் இவரிடத்தில் வெளிப்படவே இப்படி என்கிறது. குற்றம் நீங்கியது, அதன் நாற்காலியில் நோக்கம் வந்து உட்கார்ந்தது. ஒரு விளக்கம் காட்டப்படுவதற்காக ஒரு மனிதர் அத்தனை ஆண்டு இருட்டில் இருந்திருக்க வேண்டுமா என்று கேட்கும் விசுவாசிகளும் உண்டு, கேட்பது நியாயம்தான். நோயைப் பாடம் என்றும் சோதனை என்றும் சொல்லும் இன்றைய ஆறுதல் மொழிகளெல்லாம் இந்த இரண்டாவது வரியின் வாரிசுகள். நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதான். கேட்கும் பதினெட்டு வயதுக்கு மட்டும், தனக்கு ஏதோ பாடம் பாக்கியிருக்கிறது என்ற உறுத்தல் மிஞ்சும்.

இந்தக் குழப்பம் முழுவதும் ஒரே கதைக்குள் அடங்கியிருப்பது பௌத்தத்தில். தம்மபதத்தின் பாலி உரையில் முதல் கதையே கண்ணைப் பற்றியது. அந்த உரை இலங்கையில் உருவானது; புத்தகோசர் பெயரில் வழங்குவது. சக்குபாலர் என்ற பிக்கு மழைக்காலம் மூன்று மாதமும் படுக்காமல் தியானம் செய்வதாக உறுதி எடுக்கிறார். கண் நோய் வருகிறது. மருந்தைப் படுத்துக்கொண்டு விட வேண்டும் என்கிறார் வைத்தியர். இவர் உட்கார்ந்தே விட்டுக்கொள்கிறார், நோய் முற்றுகிறது, வைத்தியர் கைவிடுகிறார். கடைசியில் பார்வை போகும் அதே வேளையில் ஞானமும் கைகூடுகிறது.

பின்பு ஓர் இரவு மழைக்குப் பிறகு அவர் நடந்து தியானம் செய்தபோது காலடியில் பூச்சிகள் நசுங்கிச் சாகின்றன. காலையில் வந்த பிக்குகள் புத்தரிடம் புகார் சொல்கிறார்கள். அவர் மிதித்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று புத்தர் கேட்கிறார். இல்லை என்கிறார்கள். நீங்கள் அவரைப் பார்க்காதது போலவே அவரும் பூச்சிகளைப் பார்க்கவில்லை. கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆகவே குற்றமும் இல்லை என்பது தீர்ப்பு.

எவ்வளவு சுத்தமான தீர்ப்பு! பூச்சிகள் செத்ததற்குக் காரணம் அவருடைய கால். ஆனால் அவர் குற்றவாளி அல்ல. ஒரு விளைவுக்குக் காரணமாக இருப்பதும் அதற்காகப் பழி சுமப்பதும் வெவ்வேறு என்பதை இதைவிட எளிதாக எந்தத் தத்துவப் பேராசிரியரும் விளக்கியதில்லை.

பிக்குகள் விடவில்லை. அப்படியானால் இத்தகைய ஞானி ஏன் குருடானார் என்று கேட்கிறார்கள். கதை உடனே முற்பிறவிக்குப் பாய்கிறது. அப்போது அவர் ஒரு கண் வைத்தியர். கண் குணமானால் பிள்ளைகளோடு அடிமையாகிறேன் என்று வாக்களித்த ஏழைப் பெண் ஒருத்தி, குணமானதும் அஞ்சி, இன்னும் சரியாகவில்லை என்று பொய் சொன்னாள். ஆத்திரத்தில் அவர் வேறொரு மருந்தைக் கொடுத்து அவள் கண்ணைக் கெடுத்தார். அதன் பலன் இது. பூச்சிகளின் சாவுக்குப் பழி தேடாதே என்று சொன்ன அதே கதை, பிக்குவின் கண்ணுக்குப் பழி தேடிப் பல பிறவி பின்னால் போகிறது. அவர் படுக்க மறுத்ததால் மருந்து வேலை செய்யவில்லை என்ற விளக்கம் கண்ணெதிரே கிடக்கிறது. கேட்டவர்களுக்கு அது போதவில்லை.

உரைக்கு முந்தைய பாலி சுத்தங்களில், அதாவது புத்தரின் பேருரைகளில், இதற்கு நேர் மாறான குரலும் இருக்கிறது. சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற நாடோடித் துறவி வந்து கேட்கிறார்: மனிதர் அனுபவிக்கும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையின் பலன் என்று சிலர் சொல்கிறார்களே, உங்கள் கருத்து என்ன? புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, திடீர்த் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். எல்லாமே முன்வினை என்பவர்கள் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் முடிவு. வினையை நம்பும் மதத்தின் மூலவரே வினைக்கு எட்டில் ஒரு பங்குதான் ஒதுக்கினார். வீட்டுத் திண்ணைகளில் அது எட்டுக்கு எட்டாகிவிட்டது.

ஐரோப்பாவில் இந்தப் பழக்கத்தைக் கடுமையாகச் சாடியவர் கண்ணாடி வில்லை தீட்டிப் பிழைத்தவர். ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகத்தால் 1656இல் விலக்கப்பட்ட ஸ்பினோசா, லென்ஸ் தேய்த்துக்கொண்டே எழுதிய 'எதிக்ஸ்', அவர் இறந்த 1677ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. அதன் முதல் பகுதியின் பின்னிணைப்பில் ஓர் உதாரணம். கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவர் சாகிறார். காற்று அடித்தது, அவர் அவ்வழியே போனார் என்று சொன்னால் கேட்பவர் திருப்தியடைவதில்லை. ஏன் அப்போது காற்றடித்தது, ஏன் அவர் அப்போது போனார் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் கடவுளின் சித்தம் என்ற இடத்தில் ஒதுங்கிக்கொள்கிறார். அது அறியாமை தஞ்சம் புகும் இடமன்றி வேறல்ல என்பது ஸ்பினோசாவின் பார்வை.

மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட் 1937இல் வெளியிட்ட நூலில் அசாண்டே மக்களிடம் கிட்டத்தட்ட இதே காட்சியைக் கண்டார், அவர் சிரிக்கவில்லை. மத்திய ஆப்பிரிக்காவில் தானியக் களஞ்சியத்தின் கால்களைக் கறையான் அரிக்கும். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் மீது அது சரியும். கறையான் அரித்தது அசாண்டேக்களுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் இந்த ஆட்கள் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் ஏன் சரிந்தது? அதற்குத்தான் சூனியம். அவர்கள் அறிவில்லாமல் கேட்கவில்லை. கறையான் பதில் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்கிறார்கள்.

பார்வை நரம்போரக் கசிவுக்கும் இது அப்படியே பொருந்தும். நீண்ட கண், சாய்ந்த வட்டம், இழுக்கும் விட்ரியஸ் என்பதெல்லாம் கறையான். அதே நீளமும் அதே சாய்வும் உள்ள வகுப்புத் தோழிக்கு வராமல் தன் மகளுக்கு ஏன் வந்தது என்பது பெற்றோரின் கேள்வி. ஸ்பினோசா பக்கம்தான் நியாயம் அதிகம். 'ஏன் எனக்கு' என்பதற்குப் பதில், கண்ணுக்குத் தெரியாத பல சிறு காரணங்கள் ஓரிடத்தில் கூடின என்பது மட்டுமே. ஆனால் அதைச் சிரித்துக்கொண்டு சொல்பவர் மனிதரோடு பேசுபவர் அல்ல.

கடவுளையே கூண்டில் ஏற்றியவர்களும் உண்டு. 1802இல் வில்லியம் பேலி கண்ணின் நுட்பத்தைக் காட்டி, இத்தகைய கருவிக்கு ஒரு சிற்பி இருந்தே ஆகவேண்டும் என்று வாதிட்டார். கண்ணின் உட்புறத்தை உயிருள்ள மனிதரிடம் பார்க்க வழிசெய்த கருவியை 1851இல் அறிமுகப்படுத்திய ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்தச் சிற்பியின் வேலையைக் கிட்டப்போய்ப் பார்த்தார். ஒரு கண்ணாடிக்கடைக்காரர் இத்தனை குறைகளோடு ஒரு கருவியை விற்றிருந்தால் திட்டித் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்றார். இருந்தாலும் தன் கண்களைக் குறைகளோடு கடைசிவரை வைத்துக்கொள்ள மகிழ்ச்சிதான் என்றும் சேர்த்துச் சொன்னார். முதுகெலும்பிகளின் கண்ணில் நரம்பிழைகள் விழித்திரையின் முன்பக்கமாக ஓடி, ஓரிடத்தில் கூடி, ஓட்டை வழியே பின்னால் போகின்றன. அந்த ஓட்டையில் ஒளியுணரும் செல்களே இல்லை. 1660களில் பிரெஞ்சுக்காரர் மாரியாட் கண்டறிந்த குருட்டுப் புள்ளி அதுதான். ஆக்டோபஸின் கண்ணில் இழைகள் பின்பக்கமாகவே போவதால் அந்தப் புள்ளி கிடையாது. இளையோரின் கசிவு நிற்பதும் சரியாக இந்த ஓட்டையின் விளிம்பில்தான். பிழை என்று சொல்லியே தீர வேண்டுமானால் பரிணாமம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் போட்ட தையலைச் சொல்லலாம். அதற்குச் சம்மன் அனுப்ப முடியாது.

இன்றைய வீடுகளில் வினையின் இடத்தைப் போன் பிடித்துவிட்டது. இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் கிட்டப்பார்வை என்ற அடிப்படைக்கு நாம் வாழும் விதத்தோடு உண்மையிலேயே தொடர்பு உண்டு. போன் பிறப்பதற்கு வெகு முன்பே அது தெரியும். 1813இல் ஜேம்ஸ் வேர், ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு கல்லூரியில் 127 மாணவர்களில் 32 பேர் கண்ணாடி வைத்திருந்ததையும், காலாட்படையினரிடம் கிட்டப்பார்வை அநேகமாக இல்லாததையும் பதிவு செய்தார். 1867இல் ஹெர்மன் கோன், பிரெஸ்லாவ் வட்டாரத்தில் 10,060 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறுவதைக் காட்டினார். 2012இல் வெளிவந்த ஆய்வின்படி சியோலில் ராணுவப் பரிசோதனைக்கு வந்த 19 வயது ஆண்களில் 96.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் வெளியில் கூடுதல் வகுப்பு வைத்தபோது மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வைக்காத பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வந்த முடிவு அது.

இந்த எண்கள் எந்த ஒரு பிள்ளையையும் குற்றம் சாட்டவில்லை. நூற்றில் 96 பேருக்கு ஒன்று வந்தால் அதைத் தனிமனித ஒழுக்கத்தின் தோல்வி என்று சொல்வது அபத்தம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்த பள்ளி, மைதானத்தை அடுக்குமாடியாக்கிய ஊர், பத்து வயதில் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குச் சேர்க்கும் பெரியவர்கள் என்று பொறுப்பு பரந்து கிடக்கிறது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவுக்கும் அதில் பங்குண்டு. அதற்கும் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. தவிர, கண் நீள்வதற்குத்தான் இந்தக் கணக்கு. நீண்ட கண்களில் எந்த ஒன்று எந்த நாளில் கசியும் என்பதை எந்தப் போனும் தீர்மானிப்பதில்லை.

இரத்தம் சாட்சி சொல்லும் இடங்களும் இருக்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. கைக்குழந்தையின் விழித்திரை முழுவதும் சிதறிய கசிவைக் கண்டால், யாரோ அதைப் பிடித்து உலுக்கியிருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பது கடமை. வயதானவரின் நரம்பு வட்டத்து ஓரத்தில் தீக்குச்சிக் கீற்றளவு இரத்தம் நின்றால், கனடாவின் ஸ்டீபன் டிரான்ஸ் 1970களில் வலியுறுத்தியபடி, கண்ணழுத்த நோய் முன்னேறுகிறது என்று எச்சரிக்கை கொள்ள வேண்டும். விசாரணையே தவறு என்பதல்ல. தடயம் இருக்கும் இடத்தில் விசாரிப்பதும், தடயமில்லாத இடத்தில் ஆள் தேடுவதும் வேறு வேறு செயல்கள். முன்னதை மருத்துவம் செய்கிறது. பின்னதை மதத்தின் பெயரிலும் அக்கறையின் பெயரிலும் வீடு செய்கிறது.

வீடு செய்வதற்கு விலையும் உண்டு. ஏசுவார்கள் என்று பயப்படும் பிள்ளை கண்ணில் மிதக்கும் இழைகளைச் சொல்லாது. அந்த இழைகள் இந்த எளிய கசிவாக இருந்தால் நட்டமில்லை. ஆனால் கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை கிழிந்து விலகும் அபாயமும் மற்றவர்களைவிட அதிகம். அதுவும் இப்படித்தான் இழைகளாகவும் மின்னல் கீற்றாகவும் தொடங்கும். அதற்கு நாள் கடத்தினால் பார்வையே போய்விடும். வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது. ஆகவே பிள்ளை கண்ணில் ஏதோ மிதக்கிறது என்றால், எவ்வளவு நேரம் போன் பார்த்தாய் என்று கேட்காமல் அன்றைக்கே பாவையை விரித்துப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.